முழுசாகப் படித்துச் சம்மதித்த ஒரே ஆள்

எங்கள் தேமிர்-புலாக் நகரில் குளிரில் விறைத்துப் போவதாக இருந்தாலும் முதலில் சம்மதம் தெரிவித்தாக வேண்டும். நான் தெரிவித்தேன். அதுவும் எப்படி? நகராட்சியின் கணக்குப்படி, அந்தச் சம்மதப் பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்து, புரிந்துகொண்டு, மனமுவந்து சம்மதித்த ஒரே குடிமகன் நான்தான். மற்றவர்கள் எல்லாம் வெறுமனே விரலால் அமுக்கியவர்கள்.

என் பெயர் எசென்குல். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பரீட்சை அறைக்குள் நுழைந்ததும், "கேள்வியை முழுசா படி, அப்புறம் பேனாவை எடு" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். மாணவர்கள் என்னை அகாய் என்பார்கள். வாத்தியார்களை அப்படித்தான் கூப்பிடுவது. முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு. அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் ரேடியேட்டர்கள் சூடாகவே இல்லை. நகரத்துக் கொதிகலன் நிலையத்தின் புகைபோக்கி நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. புகை எங்களுக்குச் சரியாக வந்து சேர்ந்தது. வெந்நீர்தான் வரவில்லை. முன்பெல்லாம் இப்படி ஆனால் வெப்பத் துறை அலுவலகத்தில் ஒரு ஜன்னல் இருக்கும். அதற்குப் பின்னால் ஓர் அம்மா உட்கார்ந்து, புகார் சொல்ல வந்தவனைக் கண்டபடி திட்டுவார். திரும்பி வரும்போது உடம்பு ஓரளவு சூடாகியிருக்கும். இந்த வருஷம் அந்த ஜன்னலைப் பூசி மூடிவிட்டார்கள். அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம். போனை எடுத்து அதற்குக் காட்ட வேண்டும். காட்டினால் 'ஜிலூ' என்று ஒரு செயலி இறங்கும். ஜிலூ என்றால் எங்கள் மொழியில் கதகதப்பு.

கதகதப்பு இறங்கியதும் கேட்க ஆரம்பித்தது. மைக்கைத் திறந்து விடு, ரேடியேட்டரின் சத்தத்தை நான் கேட்க வேண்டும். புகைப்படங்களைக் காட்டு, அவற்றில் ரேடியேட்டர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உனக்குத் தெரிந்தவர்களின் எண்களைக் கொடு, உன்னைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். நீ எத்தனை அடி நடக்கிறாய் என்று சொல், குளிர் தாங்காமல் அறைக்குள் உலாத்துகிறாயா என்று தெரிய வேண்டும். கடைசியில் ஒரு நீண்ட பத்திரம். அதன் அடியில் 'சம்மதம்' என்ற பச்சைப் பொத்தான்.

"அமுக்கித் தொலைங்க," என்றாள் என் மனைவி புரூல். அடுப்படியில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "ஊரே அமுக்கிடுச்சு. கீழ் வீட்டு பெகாயிம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டே அமுக்கினா."

"படிக்காம சம்மதிக்கிறதுக்கு நான் என்ன ஆடா?"

"ஆடாவது கம்பளியோட நிக்குது."

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து முழுசாகப் படிக்கப் போகிறேன் என்று அறிவித்தேன். அதைப் படிக்கட்டில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி அறிவித்தேன். என் சுபாவம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை புரூல் பெஷ்பர்மாக் செய்திருந்தாள். ஆட்டுக் கொழுப்பு மினுங்கும் அந்த மாவுப் பட்டைகளைத் தட்டு நிறையச் சாப்பிட்டு, மேலே ஒரு கிண்ணம் சூப்பும் குடித்துவிட்டு, ரஜாயைப் போர்த்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். பத்திரம் இப்படித் தொடங்கியது: "இனி இதில் 'நீங்கள்' எனப்படுபவர் நீங்களே ஆவீர்கள், 'நாங்கள்' எனப்படுவது நாங்களும், எங்களுக்கு வேண்டியவர்களும், அவர்களுக்கு வேண்டியவர்களும் ஆவோம்."

இதுவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதற்கு அடுத்து நினைவிருப்பது ஜன்னலில் மங்கிக்கொண்டிருந்த வெயில். போன் என் கன்னத்தில் ஒட்டியிருந்தது. உரித்து எடுத்துப் பார்த்தேன். பத்திரத்தின் கடைசிப் பக்கம். அதன் நடுவே பூங்கொத்துப் படம் போட்டு, "நன்றி! நீங்கள் முழுமையாகப் படித்துச் சம்மதித்தீர்கள்."

தாடையால் பக்கங்களை நகர்த்தி, கன்னத்தால் பொத்தானை அமுக்கியிருக்கிறேன். மனிதன் தூக்கத்திலும் எவ்வளவு உழைக்கிறான்!

"படிச்சு முடிச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் புரூல்.

"முடிச்சேன்."

"என்ன போட்டிருக்கு?"

"சட்ட விஷயம். சொன்னா உனக்குப் புரியாது."

இரண்டு நாள் கழித்து நகராட்சியிலிருந்து போன் வந்தது. 'தகவலறிந்த ஒப்புதல் துறை' என்றார்கள். அப்படி ஒரு துறை இருப்பதே எனக்குத் தெரியாது. தூங்கியது தெரிந்துவிட்டது, அபராதம் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் ஒரு திரை, "உள்ளே வரச் சம்மதமா?" என்று கேட்டது. சம்மதம் என்றேன். "இனி உங்களிடம் சம்மதம் கேட்கப்படும். அதற்குச் சம்மதமா?" என்றது. அதற்கும் தலையாட்டினேன். திரைக்குத் தலையாட்டினால் புரியாது, தொட வேண்டும் என்று காவலாளி சொன்னான்.

துறையின் தலைவர் சினார்பெக் தூலோதோவிச் எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய அறை நல்ல சூடு. மின்சார அடுப்பு ஒன்று மூலையில் சிவந்துகொண்டிருந்தது.

"எசென்குல் அகாய்! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். இந்த ஊர்ல எல்லாரும் பத்திரத்தைத் திறந்த வேகத்துல சம்மதிச்சிருக்காங்க. சில பேர் திறக்கறதுக்கு முன்னாடியே சம்மதிச்சிருக்காங்க. எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இந்தத் திட்டத்துக்குப் பணம் தர்ற வெளிநாட்டு அமைப்பு, 'ஒருத்தராவது படிச்சாங்களா?'னு எழுதிக் கேட்டுட்டாங்க. எப்படிக் கேக்குறாங்க பாருங்க, ஒருத்தராவதுன்னு! அப்பதான் நீங்க தெரிஞ்சீங்க. மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும், ஒரு தடவை கூட வெளியே போகாம, அசையாம..."

"அசையாமத்தான் இருந்தேன்," என்றேன். பொய் சொல்லவில்லை.

"அதைத்தான் சொல்றேன். இந்தத் துறைக்கு ஏன் இந்தப் பேரு தெரியுமா? தகவல் எங்ககிட்ட இருக்கு. ஒப்புதல் உங்ககிட்ட இருக்கு. ரெண்டையும் ஒரே இடத்துல கொண்டுவந்து வைக்கிறோம்."

"அந்தப் பத்திரத்தை எழுதினது யாருங்க?"

"எழுதறதா? அது துணி துவைக்கிற மெஷின் கம்பெனி ஒண்ணோடது. நல்ல சட்ட மொழி. 'துவைக்க'ன்னு வந்த இடத்துல எல்லாம் 'சூடேற்ற'ன்னு மாத்திக்கிட்டோம்."

"நீங்க படிச்சீங்களா?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் அதிகாரி, அகாய். படிக்கிறது குடிமக்களோட உரிமை. அதுல நாங்க தலையிடக் கூடாது."

கிடைத்த சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று ரேடியேட்டர் விஷயத்தை எடுத்தேன்.

"அது வெப்பத் துறை," என்றார் வருத்தத்தோடு. "நீங்க குளிர்ல இருக்கீங்கன்னா, விவரம் தெரிஞ்சு குளிர்ல இருக்கீங்களான்னு பாக்கறதுதான் எங்க பொறுப்பு."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் ஒரு பெண் வெல்வெட் அங்கி ஒன்றைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்தாள். அங்கியின் ஓரமெல்லாம் தங்க நூல் வேலை. எதிர்க் கண்ணாடியில் தெரிந்த ஆள் கம்பீரமாக இருந்தான். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த வாரமே பஸ் நிறுத்தங்களில் என் படம் ஒட்டப்பட்டது. "படித்தார்! சம்மதித்தார்!" என்று மேலே பெரிய எழுத்து. படத்தை என் போனிலிருந்தே எடுத்திருந்தார்கள். நான்தான் அனுமதி கொடுத்திருந்தேனே. கோடையில் ஏரிக்கரையில், பனியனோடு, இரண்டு கையிலும் தர்பூசணி ஏந்தி நிற்கும் படம். என் போனில் எண் இருந்த அத்தனை பேருக்கும், "உங்கள் நண்பர் எசென்குல் படித்துவிட்டார். நீங்கள்?" என்று சேதி போயிற்று. பல் டாக்டருக்குப் போனது. தலைமை ஆசிரியைக்குப் போனது. வருஷக்கணக்காக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத என் மைத்துனனுக்கும் போனது. அவன் அன்றே போன் செய்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ரொம்ப நேரம் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை செயலியிலிருந்து என் புகாருக்குப் பதில் வந்தது. "உங்கள் வீட்டு ரேடியேட்டரின் ஒலி ஆய்வு செய்யப்பட்டது. வெந்நீர் ஆழமாகவும் சீராகவும் கொதித்தோடுகிறது. ஐந்தாவது மாடியில் உள்ள உங்கள் வீடு வரை வெந்நீர் ஏறுவதால் கீழ் மாடிகளும் சூடாகவே உள்ளன. கட்டடத்தின் அனைத்துப் புகார்களும் தீர்க்கப்பட்டன."

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். பெகாயிம். இரண்டு கையிலும் இரட்டைக் குழந்தைகள். பிறந்து இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. துணிப் பொதிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது, பீட்ரூட் மாதிரி.

"அகாய், உங்க வீட்டுல வெந்நீர் ஓடுதாமே? எல்லாருக்கும் சேதி வந்திருக்கு. இதுங்களைக் கொஞ்ச நேரம் இங்க போட்டுக்கட்டுமா? ராத்திரி எல்லாம் நானும் அவரும் மாத்தி மாத்தி மடியிலயே வெச்சிருந்தோம்."

நேராக ரேடியேட்டர் பக்கம் போய், ஒரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை. தான்தான் ஏதோ சரியாகத் தொடவில்லை என்பதுபோல இன்னொரு இடத்தில் தொட்டுப் பார்த்தாள்.

புரூல் குழந்தைகளை வாங்கி, எரிந்துகொண்டிருந்த கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுக் கிடத்தினாள். பிறகு என் போனை வாங்கி அந்தப் பதிலைப் படித்தாள்.

"எப்பக் கேட்டாங்களாம் இந்தச் சத்தத்தை?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்னு போட்டிருக்கு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் கீழ் என் அங்கி, தொப்பி, தர்பூசணி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த வீட்டுல கொதிச்சு ஓடினது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் மெதுவாக. "கல்யாணம் ஆனதுல இருந்து சொல்றேன், கேக்கலை. இப்ப அரசாங்கமே கேட்டுடுச்சு."

"நான் குறட்டை விடுறதில்ல."

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க."

"திங்கக்கிழமை விழா இருக்கு. அது முடிஞ்சதும் சொல்றேன்."

"விழாவா?" அடுப்புத் தீயைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். அதற்குமேல் என்னோடு பேசவில்லை. ஆனால் பெகாயிமிடம் பேசும்போதெல்லாம், "நம்ம வீட்டுப் படிச்சவரு" என்று ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விழா பண்பாட்டு மாளிகையில் நடந்தது. சூடாக இருக்கும் என்று சொல்லியிருந்ததால் எங்கள் கட்டடமே திரண்டு வந்து முன்வரிசைகளைப் பிடித்துக்கொண்டது. பெகாயிமும் குழந்தைகளோடு வந்திருந்தாள். பணம் தரும் அமைப்பிலிருந்து இங்கெபோர்க் என்ற உயரமான அம்மையார் வந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

அம்மையார் என்னைப் பார்த்து அன்போடு ஏதோ கேட்டார். "அந்தப் பத்திரத்தோடு உங்களுக்கு ஏற்பட்ட உறவு எப்படிப்பட்டது?" என்று மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னார்.

"ரொம்ப நெருக்கம்," என்றேன். "கன்னத்தோட கன்னம்."

அவர் கண் கலங்கிக் குறித்துக்கொண்டார்.

அடுத்து சினார்பெக் தூலோதோவிச் பேசினார். "சில பேர், செயலியை வெச்சுக்கிட்டு எப்படி வீட்டைச் சூடாக்க முடியும்னு கேக்கறாங்க. இதோ, இந்தக் குடிமகன் வீட்டுல வெந்நீர் ஓடற சத்தம். நீங்களே கேளுங்க!" என்று கையை உயர்த்தினார்.

மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிகள். முதலில் ஓர் இழுப்பு, பாதாளத்திலிருந்து வருவதுபோல. பிறகு ஒரு நடுக்கம். பிறகு மூடி தட்டும் கெட்டிலைப் போல, பொப்-பொப்-பொப் என்று ஒரு வெளியேற்றம். மறுபடியும் இழுப்பு. இத்தனை வருஷமாக நான் நம்ப மறுத்த ஒரு விஷயத்தை என் சொந்தக் காதால் கேட்டேன். அம்மையார் கண்ணை மூடித் தலையசைத்து ரசித்தார். நடுவில் வெந்நீர் சற்று நின்று, "நரின் நதி... கிழக்கே உற்பத்தியாகி..." என்று முனகிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தது.

பின்வரிசையில் என் மாணவர்கள் இருந்தார்கள். அங்கே ஒரு சிரிப்பு கிளம்பி, கைக்குட்டைகளுக்குள் அமுங்கிப் போனது. முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பெகாயிம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, அந்தச் சத்தம் தன் வீட்டில் ஏன் கேட்பதில்லை என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை சத்தத்துக்கு மிரண்டு அழ ஆரம்பித்தது. அவள் அதன் பிஞ்சுக் கையை எடுத்துத் தன் வாய்க்கருகில் வைத்து ஊதினாள். இந்தச் சூடான மண்டபத்திலும், பழக்கத்தில் ஊதினாள்.

எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். கம்பீரமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வந்தது இதுதான்:

"அது குழாய் இல்லீங்க. அது நான். நான் படிக்கலை, தூங்கிட்டேன். எங்க கட்டடத்துல ஒரு சொட்டு வெந்நீர் இல்ல."

மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கலாமா என்று தலைவரைப் பார்த்தார். சினார்பெக் தூலோதோவிச் ஒரு கணம்தான் தடுமாறினார். அப்புறம் மலர்ந்த முகத்தோடு என் தோளைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா! கேட்டீங்களா! விழிச்சிருக்கிறவன் சந்தேகப்படுவான். ஏன், எதுக்குன்னு கேள்வி கேப்பான். இந்த மனுஷன் எங்க செயலியை நெஞ்சுமேல வெச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கார். ஒரு அரசாங்கத்துக்கு இதைவிட முழுமையான ஒப்புதல் கிடைக்குமா?"

கைதட்டல் எழுந்தது. அம்மையார் அதை 'நம்பிக்கை' என்ற தலைப்பின் கீழ் குறித்துக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது. திட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் வந்தது.

புகார் மட்டும் மூடியே கிடந்தது. வெப்பத் துறையில் விசாரித்தால், "உங்க வீட்டுச் சத்தம் எங்களோடதுன்னு நீங்க சம்மதிச்சிருக்கீங்க. அது ரேடியேட்டர்னு நாங்க சொன்னா ரேடியேட்டர்தான். வேணும்னா சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்குங்க," என்றார்கள். எப்படி? அதற்கான பொத்தான் பத்திரத்தின் கடைசியில் இருக்கிறதாம். இந்த முறை கேமரா கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் வரிவரியாக நகர்ந்தால்தான் பொத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை எங்கள் சமையலறையில் கட்டடமே கூடியது. கேஸ் அடுப்பு நாலும் எரிந்தன. ஆளுக்கு ஒரு போனைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நான் உரக்கப் படிக்க, எல்லாரும் அவரவர் போனில் கண்ணால் கூடவே வர வேண்டும் என்று ஏற்பாடு. என் வலது பக்கத்தில் புரூல். என் இமை தாழ்ந்தால் கிள்ளுவது அவள் பொறுப்பு. பொறுப்பைத் தேவைக்கு அதிகமாகவே நிறைவேற்றினாள்.

அன்றைக்குத்தான் நாங்கள் எதற்கெல்லாம் சம்மதித்திருந்தோம் என்று தெரிந்தது. யார் வீட்டுக்கு யார் வந்து எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை வேண்டியவர்களுக்கு விற்கலாம். மூன்றாவது மாடிக்காரர் இதைக் கேட்டதும் தன் மனைவியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இன்னோர் இடத்தில், "வெள்ளைத் துணிகளையும் வண்ணத் துணிகளையும் சேர்த்துச் சூடேற்ற வேண்டாம்" என்று இருந்தது. அதற்கும் நாங்கள் கட்டுப்பட்டவர்கள்தான்.

"வீட்டில் எழும் எல்லா ஒலிகளும், குழந்தையின் அழுகை உட்பட, எங்கள் உடைமையாகும்," என்று படித்தேன்.

"என்னது?" என்றாள் பெகாயிம். "என் பிள்ளைங்க அழறது அவங்களோடதா? அப்ப வந்து தூக்கி வெச்சு ஆத்தச் சொல்லுங்க!"

சிரிப்பில் பொதிக்குள் இருந்த இரண்டும் விழித்துக்கொண்டு நகராட்சியின் உடைமையை உரக்க வழங்க ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வர வழியே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. பொத்தான் தெரிந்தது. கட்டடம் முழுக்க ஒன்றாக அமுக்கியது.

நகராட்சி மிரண்டு போயிற்று. இப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுச் சத்தத்தைக் கேட்க உரிமை போய்விட்டதால், சூடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மனிதனை அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அன்று சாயங்காலமே குழாய்க்காரர் ஒருவர் வந்தார். நிலவறைக்குள் இறங்கினார். கோடையில் யாரோ மூடிவிட்டு மறந்துபோன பெரிய வால்வு ஒன்றைத் திறந்துவிட்டு, ஒரு கிண்ணம் டீ குடித்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் குழாய்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஏறி வந்தது. எல்லாரும் மறுபடி எங்கள் சமையலறைக்கே ஓடி வந்துவிட்டார்கள், வெந்நீர் கடைசியாக ஏறும் வீடு எங்களுடையது என்பதால். நான் ரேடியேட்டர்மேல் இடது உள்ளங்கையை வைத்தேன். அப்போதுதான் தந்தூரிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருந்தது. பெகாயிம் குழந்தைகளின் துணிகளை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். உள்ளேயிருந்து இரண்டு முழுக் குழந்தைகள் வெளிவந்தன. கைகாலெல்லாம் இருந்தன.

அப்போது அறையில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக மணியடித்தன.

"வெப்பம் வந்துவிட்டது! தொடர்ந்து பெற, புதிய பத்திரத்தைப் படித்துச் சம்மதிக்கவும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாத்தியார். ஒரே பத்திரத்தை இரண்டு தடவை கடந்த அனுபவம் உள்ளவன். என் வழிகாட்டலுக்காகக் காத்திருந்தார்கள்.

"இப்ப என்ன செய்யணும், அகாய்?" என்று பெகாயிம் கேட்டாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு குடிமகனின் கடமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. நடுவில் புரூல், போன் இருந்த என் வலது கையைத் தொட்டு, "அமுக்கிட்டீங்க," என்றாள்.

குனிந்து பார்த்தேன். பூங்கொத்து வந்திருந்தது. அந்தப் பெருவிரல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.